கோட்டுக்கு ஒரு பை

மத்தியானத் தூக்கத்தில் எனக்கு எப்போதாவது ஒரு கனவு வரும். என் கறுப்புக் கோட் மட்டும் கடற்கரையில் தனியாக நடந்துபோகும். உள்ளே ஆள் இருக்காது. கைகள் காற்றில் லேசாக ஆடும், பக்கத்தில் அலை வந்து வந்து போகும். நான் ஒரு நீளமான பையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே நடப்பேன். எட்டிப் பிடிக்க முடியாது, பிடிக்க வேண்டும் என்ற அவசரமும் இருக்காது. பயமுறுத்தும் கனவில்லை, இதமாகத்தான் இருக்கும். எழுந்த பிறகுதான் நெஞ்சில் ஏதோ ஒன்று நகராமல் உட்கார்ந்திருக்கும்.

அதில் பாதிதான் கனவு. மீதியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

படாளத்துக்குப் பக்கத்தில் எங்கள் தெரு. முப்பது வீடு இருக்கும், எல்லாம் சர்ச்சுக்குப் போகிற குடும்பங்கள். அப்பா காலத்தில் அத்தனை பேரும் அடுத்தவர் கழனியில் கூலி வேலை பார்த்தார்கள். ஆனால் கல்யாணம் என்று வந்துவிட்டால் மாப்பிள்ளை கோட் போட்டுத்தான் சர்ச்சுக்குள் நுழைய வேண்டும். கூலிக்காரன் கோட்டுக்கு எங்கே போவான்? அதனால் தெருவுக்கே சேர்த்து ஒரு கோட் இருந்தது. அது எப்படி வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். சர்ச் பீரோவில் பூச்சி உருண்டைகளோடு தூங்கிக்கொண்டிருக்கும். கல்யாணத்தன்று காலையில் வாங்கிப்போய், மறுநாள் வெயிலில் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

எண்பதுகளில் நான் பள்ளிக்கூடம் போன நாட்களில் தெருவில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சுவரில் அதே கோட்டைப் போட்ட ஒரு மாப்பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். குண்டானவருக்குப் பொத்தான் பூட்டாமல் திறந்து கிடக்கும். ஒல்லியானவருக்குத் தோள் இரண்டு பக்கமும் சரிந்து தொங்கும். என் அப்பாவின் படத்தில் விரல் நுனிகள் மட்டும்தான் வெளியே தெரியும். அம்மா அந்த விரல்களைத்தான் பிடித்துக்கொண்டு நிற்பார். அப்பாவுக்கு அந்தப் படம் என்றால் உயிர். எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். நம் கல்யாணத்தில்கூட நம் உடம்பு அளவுக்கு ஒரு துணி இல்லையா என்று தோன்றும்.

வேலை கிடைத்து, சம்பளம் வந்து, எனக்குக் கல்யாணம் பேசியபோது தெருக் கோட் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். செங்கல்பட்டில் ஒரு டெய்லரிடம் மூன்று முறை போய் நின்று, அளவு பார்த்து, கோட்டும் பேன்ட்டும் தைத்துக்கொண்டேன். அப்பா கோட்டின் கையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லா கீது" என்றார்.

என் கல்யாணத்தின் போதே தெருக் கோட்டை அந்துப்பூச்சி அரித்துவிட்டிருந்தது. பிறகு என்ன நடக்கும்? அடுத்த மாப்பிள்ளை நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். கொடுத்தேன். அதற்கடுத்தவனும் வந்தான். அவனுக்கும் கொடுத்தேன். திரும்பி வந்தபோது காலர் மடிப்பில் பிரியாணி எண்ணெய் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பரவியிருந்தது. நான் தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். இனிமேல் யாருக்கும் கோட் கிடையாது என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா தலையை ஆட்டினார். கொஞ்ச நாளில் நாங்கள் கூடுவாஞ்சேரிக்கு வாடகை வீட்டுக்கு வந்துவிட்டோம், அம்மா இறந்த பிறகு அப்பாவும் எங்களோடு வந்துவிட்டார். கோட்டும் கூடவே வந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு மூன்று நான்கு வருடம் கழித்து, ஆபீசில் என்னை ஜெர்மனிக்கு அனுப்புவதாக முடிவானது. விமானம் காலையில் இறங்கும், பத்து மணிக்குக் கூட்டம். ஹோட்டலுக்குப் போய்த் துணி மாற்ற நேரமில்லை, விமான நிலையத்திலேயே மாற்றிக்கொண்டு போக வேண்டும். அந்தக் கூட்டத்தில் நான் பேசுவதைப் பார்த்துத்தான் அங்கே இரண்டு வருடம் என்னை வைத்துக்கொள்வதா இல்லையா என்று முடிவு செய்வார்கள். கோட்டில் ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது என்று எனக்கு வெறி பிடித்துவிட்டது. முன்பே போய் வந்த ஒரு நண்பர் வேறு, தன் பெட்டி எங்கோ ஒரு ஊருக்குப் போய்விட்டதாகவும் மூன்று நாள் ஒரே சட்டையில் இருந்ததாகவும் சொல்லிப் பயமுறுத்தியிருந்தார்.

நானும் மனைவியும் ஒரு சனிக்கிழமை செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் பை வாங்கப் போனோம். வாசலில் பள்ளிக்கூடப் பைகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும் கடை. உள்ளே துபாய் போகிறவர்களுக்காகப் பெரிய பெரிய பெட்டிகள் அடுக்கியிருந்தன. கடைக்காரர் ஒரு சிவப்புப் பெட்டியைத் தட்டிக் காட்டினார்.

"கல்லு மாதிரி கீது சார். மேல ஏறி நில்லுங்க."

நான் தயங்கினேன். என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறியே நின்றுவிட்டாள். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ், எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்ப மாட்டாள். மேலே நின்றுகொண்டே என்னிடம் சொன்னாள்: "பெட்டி நசுங்காதுங்க. ஆனா உள்ள இருக்கிற துணி உருளும். நீங்க போய் சேர்றதுக்குள்ள கோட்டு ஒரு மூலையில சுருண்டு கெடக்கும்."

துணியால் செய்த பெட்டி ஒன்றைப் பார்த்தோம். சக்கரம் நன்றாக இருந்தது, கூடுவாஞ்சேரி பிளாட்பாரத்தில் இழுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றாள். மேல் மூடி மெத்தென்று இருந்தது, மேலே இன்னொரு பெட்டி விழுந்தால் கோட் அப்பளமாகிவிடும். எதை எடுத்தாலும் ஒரு குறை. அப்போதுதான் கடையின் பின்சுவரில் ஆணியில் தொங்கிய அந்தக் கறுப்புப் பை என் கண்ணில் பட்டது. ஆள் பாதி உயரம், நடுவில் மடித்துக் கொக்கி மாட்டலாம், உள்ளே ஹேங்கர் தொங்க ஒரு கம்பி. கோட்டுக்கென்றே தனிப் பை உண்டு என்று நண்பர் சொல்லியிருந்தார், அது இதுதான். கோட்டை மடிக்கவே வேண்டாம், தொங்கவிட்டபடியே கையில் எடுத்துப்போகலாம்.

கடைக்காரருக்கு என்னைவிட ஆச்சரியம். "ரெண்டு வருசமா மாட்டிகினு கீது சார் இது. கீபோர்டு வெக்கிற பைன்னு நெனச்சிகினு இருந்தேன். சர்ச்ல வாசிக்கிறவங்க யாராச்சும் வருவாங்கன்னு பாத்தேன்."

சக்கரப் பெட்டி ஒன்றும் அந்தப் பையும் வாங்கினோம். வீட்டில் ஒரு வாரம் ஒத்திகை நடந்தது. முதலில் பெட்டிக்குள்தான் வைத்துப் பார்த்தோம். என் மனைவி கோட்டின் ஒரு தோளை உள்வெளியாகப் புரட்டி, மறு தோளை அதற்குள் செருகி, பிரசவ வார்டில் குழந்தையைச் சுற்றுவது போல ஒரு துப்பட்டாவில் சுற்றி வைத்தாள். காலையில் எடுத்தபோது முழங்கையில் ஒரு கோடு. அடுத்து பை. அப்பா அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஹாலுக்கும் சமையலறைக்குமாகப் பத்து நடை நடந்தார். திறந்தால் கோடும் இல்லை, சுருக்கமும் இல்லை. அப்பா பையைக் கீழே வைக்க மனமில்லாமல் இன்னும் இரண்டு நடை போய்வந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. சாப்பிட்டுவிட்டு எல்லாரும் படுத்திருந்தோம். கோட் ஜன்னல் கம்பியில் ஹேங்கரோடு தொங்கியது. மின்சார ரயில் போகும்போதெல்லாம் வீடு மெல்ல அதிரும், கோட் ஒருமுறை மூச்சு விடுவதுபோல் அசையும். அரைக்கண்ணில் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். அது ஏற்கெனவே கிளம்பிவிட்டது, நான்தான் பின்தங்கிவிட்டேன் என்று தோன்றியது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

புதன்கிழமை காலை லீவு போட்டுவிட்டு எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். சட்டைகள், டை, பாஸ்போர்ட். கடைசியாக, கதவில் தொங்கிய பையின் ஜிப்பை இழுத்தேன். பேன்ட் இருந்தது. கோட் இல்லை. வெறும் ஹேங்கர்.

"அப்பா!"

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. "நம்ம ஊரு தெருவுல இன்னிக்கி கல்யாணம் நைனா. பெயிண்டர் வேல செய்ற பையன். நேத்து நீ ஆபீஸ் போன பொறவு வந்தான். அப்பன் இல்லாத புள்ள, எப்டி இல்லன்றது? நைட்டுக்குள்ள கொணாந்து குடுத்துடுவான்."

"நைட்டு நான் ஏர்போர்ட்ல இருக்கணும்பா!"

"வியாழக்கிழமைன்னுதானே சொன்ன?"

டிக்கெட்டில் வியாழன் ஒன்றேகால் மணி என்று இருந்தது. புதன் இரவு பன்னிரண்டைத் தாண்டினால் வியாழன், அதற்குப் புதன் ராத்திரியே கிளம்ப வேண்டும். இதை மனைவியிடம் சொல்லியிருந்தேன். அப்பாவிடம் வியாழன் என்று மட்டும் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் விமானம் ஏறியதில்லை. அவர் வியாழன் என்றால் வியாழன் பொழுது விடிந்து என்றுதான் நினைத்திருக்கிறார். கையில் முழுசாக ஒரு ராத்திரி இருப்பதாக நினைத்துத்தான் கொடுத்திருக்கிறார்.

"தாம்பரத்துல ரெடிமேடா ஒண்ணு வாங்கிக்கலாங்க," என்றாள் மனைவி. "அந்தப் பையனுக்கு இன்னிக்கிதான் கல்யாணம்."

"பேன்ட்டோட கறுப்பு வேற, கோட்டோட கறுப்பு வேறயா இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றேன். அது ஒரு சாக்கு. வாங்கியிருக்கலாம். என் பொருளை என்னைக் கேட்காமல் எடுத்துவிட்டார்கள் என்ற கோபம் உச்சந்தலையில் ஏறியிருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அப்பா வாசல்வரை வந்து ஏதோ சொன்னார், நான் திரும்பிப் பார்க்கவில்லை.

படாளம் போய்ச் சேர்ந்தபோது பந்தியே முடிந்துவிட்டிருந்தது. சாமியானாவுக்குக் கீழே நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பொண்ணு மாப்பிள்ளை எங்கே என்றேன். "வீடியோ எடுக்க வேன்ல மகாபலிபுரம் போயிகீறாங்கபா," என்றார்கள். அப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் கல்யாண வீடியோ என்றால் அந்தக் கடற்கரை இல்லாமல் முடியாது. கோட் அங்கே போயிருந்தது.

திரும்பவும் செங்கல்பட்டு வந்து, மகாபலிபுரம் பஸ் பிடித்தேன். மத்தியான பஸ், பாதிக்கு மேல் காலி. பையை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டேன். உள்ளே கிடாரா என்று கண்டக்டர் கேட்டார், ஆமாம் என்று சொல்லிவைத்தேன். வெயில் ஜன்னல் வழியாக வந்து பையின் மேல் படுத்துக்கொண்டது. கண் சொருகியது. விழித்தபோது திருக்கழுக்குன்றம் மலை மெதுவாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. மறுபடி கண் மூடியபோது விமானத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டில் அப்பா, நீளமான கையுள்ள அந்தப் பழைய கோட்டில், விரல் நுனி மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார். உப்புக் காற்று முகத்தில் அடித்து எழுப்பியது. கோபம் எங்கோ வழியில் இறங்கிவிட்டிருந்தது. ஆனால் நான் இறங்கித் திரும்பிப் போகவில்லை. வந்தது வந்தாயிற்று என்று ஒரு பிடிவாதம்.

கடற்கரையில் அன்றைக்கு மூன்று ஜோடிகள் இருந்தார்கள். தூரத்தில், ஈர மணலில், என் கோட் நடந்துபோய்க்கொண்டிருந்தது. பின்பக்கத்திலிருந்து பார்த்தபோது அது நான்தான். என் தோள், என் முதுகு. வெயிலில் தண்ணீர் கண்ணைக் கூச வைத்தது, உள்ளே இருப்பவன் யார் என்று தெரியவில்லை. பக்கத்தில் ஒரு பெண்ணின் வெள்ளை முக்காடு காற்றில் நிற்காமல் பறந்தது. அதைப் பிடிக்கக் கோட்டின் கை உயர்ந்தது. இவ்வளவு அழகான ஒன்றை நான் என் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. அப்படியே நின்றுவிட்டேன்.

மணி மூன்றுதான். நான் ஆறு மணிக்குக் கிளம்பினால்கூட வீட்டுக்குப் போய் விமானத்தைப் பிடித்துவிடலாம். சாயங்கால வெளிச்சத்தில்தான் நல்ல படம் வரும் என்று போட்டோகிராபர் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்ததும் என் காதில் விழுந்தது. ஒரு சவுக்கு மரத்தடியில் போய் உட்கார்ந்து காத்திருந்திருக்கலாம். நான் நகரவில்லை. ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. பார்வையில் படும்படி பையோடு நின்றேன், அவ்வளவுதான்.

அவன் திரும்பினான். என்னைப் பார்த்தான், என் தோளில் இருந்த பையைப் பார்த்தான். வேறு எதுவும் தேவைப்படவில்லை. போட்டோகிராபரிடம், "புழுங்குதுபா, கழட்டிட்டு வந்துடறேன்," என்றான். தை மாதக் காற்று ஆளைத் தள்ளிக்கொண்டிருந்தது. பெண்ணிடமும் அதையே சொல்லியிருப்பான். அவள் எங்களுக்கு முதுகைக் காட்டி முக்காட்டோடு போராடிக்கொண்டிருந்தாள்.

மணலில் கால் புதையப் புதைய என்னிடம் வந்தான். கோட்டைக் கழற்றி, காலருக்குள் மடித்து வைத்திருந்த கைக்குட்டையை எடுத்துத் தன் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

"நீங்க ஏன் அண்ணாத்த இவ்ளோ தூரம் வந்தீங்க? நானே கொணாந்திருப்பேனே. நாளைக்கிதானே பிளைட்டுன்னு பெரியப்பா சொன்னாரு?"

"இல்லப்பா. இன்னிக்கி நைட்டே கெளம்பணும்."

"ஐயோ, தெரியாதே அண்ணாத்த." கோட்டை என் கையில் கொடுத்தான். "வேர்வ படாம கர்சீப் வெச்சிகினேன். சாப்புடறப்ப கழட்டி மாட்டிட்டேன். கறை ஒண்ணும் இல்ல, பாத்துக்கோங்க."

நான் பார்த்தேன். அதுதான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியாதது. அவன் முன்னாலேயே காலரைப் புரட்டி, கறை இருக்கிறதா என்று பார்த்தேன். பிறகு ஹேங்கரில் மாட்டி, ஜிப்பை இழுத்து மூடினேன்.

"நல்லபடியா போய்ட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு வெள்ளைச் சட்டையோடு அவளிடம் ஓடினான்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா பையைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏர்போர்ட் போகும் வேனில் ஏறும்போது என் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினார்.

ஜெர்மனியில் விமான நிலையக் கழிவறையில் உடை மாற்றினேன். பை தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. கோட்டில் ஒரு சுருக்கம் இல்லை. கண்ணாடியில் பார்த்துக்கொண்டு பாக்கெட்டில் கையை விட்டேன். விரலில் மணல் பட்டது. எடுத்து உதறினேன், வெள்ளைத் தரையில் மகாபலிபுரம் ஒரு சிட்டிகை விழுந்தது. கூட்டத்துக்குப் போனேன். எதிரில் இருந்தவர்கள் மூன்று பேரும் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். பேசினேன், அவர்களுக்குப் பிடித்திருந்தது, வேலை கிடைத்தது. பேசும்போது நகக்கண்ணில் மணல் உறுத்திக்கொண்டே இருந்தது.

இரண்டு வருடம் கழித்து ஊர் திரும்பிய அடுத்த ஞாயிறே கோட்டையும் பேன்ட்டையும் அந்தப் பையோடு சேர்த்து எங்கள் சர்ச் பீரோவில் கொண்டுபோய் மாட்டினேன். அப்பா கூட வந்தார். "இப்பதான் அது வூடு வந்து சேந்துகீது," என்றார். அதோடு கணக்குத் தீர்ந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஐந்தாறு மாப்பிள்ளைகள் அதைப் போட்டிருக்கிறார்கள்.

நான் ஊர் திரும்பிய மறு வருடம், அந்தப் பெயிண்டர் பையனின் மகளுக்கு ஞானஸ்நானம். நானும் மனைவியும் போனோம். சாப்பாடு முடிந்து உட்கார்ந்திருந்தபோது அவன் மனைவி கல்யாண ஆல்பத்தை எடுத்துவந்து என் மனைவியின் மடியில் வைத்துப் புரட்டினாள். சர்ச் படங்கள் எல்லாவற்றிலும் கோட். கடற்கரைப் படங்கள் முதல் நான்கிலும் கோட். அதற்கப்புறம் எல்லாம் வெள்ளைச் சட்டை.

"இத பாருங்கக்கா," என்று சிரித்தாள். "தை மாசம், அவ்ளோ காத்து. என் முக்காடு நிக்கவே மாட்டேன்னுது. இந்த மனுசனுக்கு மட்டும் புழுங்குதாம். கழட்டி யாருகிட்டயோ குடுத்துட்டு வந்து நிக்கிறாரு. ஆசையா இருந்துச்சு, சாயங்காலம் வெளிச்சத்துல கோட்டோட ஒண்ணு எடுத்துக்கலாம்னு. கேக்கணுமே."

என் மனைவி தலை நிமிராமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான், "அது வந்து..." என்று ஆரம்பித்தேன்.

அவன் முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினான். "எடுத்துக்கோங்க அண்ணாத்த. ஜெர்மனில இதெல்லாம் எங்க கெடச்சிருக்கும்?"

எடுத்துக்கொண்டேன். அவள் பக்கத்தைத் திருப்பினாள். அந்தப் படத்தில் இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால், நன்றாகத் தள்ளி, கலங்கலாக ஒரு ஆள் நீளமான கறுப்புப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு மணலில் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தான்.